ஆறு மில்லியும் எட்டு க்ளிக்கும்

செனாய்
12 ஜூன் 2025

ரூபினி,

இந்தத் தாளை மனோகரன் அண்ணன் உன் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் ஃபேக்டரி வேனை ஓட்டுகிறவர் அவர்தான், உங்கள் பைக் கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். தினமும் தம்போய் வழியாகத்தான் போகிறார், வருகிறார். உன் நம்பரை நான் பிளாக் செய்துவிட்டேன். நீ அனுப்பிய ஆறு வாய்ஸ் மெசேஜில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது. பதினான்கு வருஷமாகத் தரப் பரிசோதனையில் வேலை பார்க்கிறேன். வாயால் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. எழுதிக் கொடு, கையெழுத்துப் போடு.

என் புருஷன் லோகேஸ்வரன் ஞாயிறு காலை உங்கள் கிளப்போடு தேசாரு பக்கம் கிளம்பினார். ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்ததாம். பிடிக்கவே முடியவில்லையாம். அவரைத் தூக்கிப் புல்மேல் எறிந்துவிட்டு வண்டி தனியாக ஓடியிருக்கிறது. காரை எலும்பு உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அந்த இடத்தில் புல் இல்லாமல் இரும்புத் தடுப்பு இருந்திருந்தால் நான் இப்போது யாருக்கும் கடிதம் எழுதுகிற நிலையில் இருக்க மாட்டேன்.

ஏப்ரலில் அந்த வண்டியில் கை வைத்தவள் நீ ஒருத்திதான். அதனால்தான் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் உன் வேலைதான் காரணம் என்று எழுதினேன். எழுதியதற்கு வருத்தமில்லை. வருகிற இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு கூட்டம் போட்டு, கிளப்பின் இருபத்திரண்டு வண்டிகளையும் இனி உன்னிடம் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். நன்றாகச் செய்யட்டும்.

இதில் எனக்கு எரிகிற விஷயம் என்னவென்றால், லோகேஸ்வரன் வாயிலிருந்து உன்மேல் ஒரு குறை வரவில்லை. கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்கிறேன், "அந்தப் பொண்ணு என்னத்த முடுக்கி வச்சா?" என்று. "ரூபினி வேலைல குறை இருக்காது ஷாமு. நீ சும்மா இரு லா" என்கிறார். என்னைச் சும்மா இருக்கச் சொன்னால் நான் இருப்பேனா?

என்ன செய்தாய், எதை எவ்வளவு முடுக்கினாய், ஏன் அப்படிச் செய்தாய்? எனக்கு பைக் தெரியாது. புரிகிற மாதிரி எழுது. பொய் இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

ஷாமளா


தம்போய்
14 ஜூன் 2025

ஷாமளா அக்கா,

நீங்கள் 'நீ' என்று எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. என்னைவிட எட்டு வயது பெரியவர். 'கை வைத்தவள்' என்று எழுதினீர்களே, அதுதான் சுடுகிறது. நான் கை வைக்கவில்லை, வேலை செய்தேன். ஏப்ரல் 12 வேலை அட்டை என் முன்னால் இருக்கிறது. அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைப் பிரித்து எண்ணெயும் சீலும் மாற்றினேன். ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் பேரிங் தளர்ந்திருந்தது, அதைச் சரியான அளவுக்கு இறுக்கினேன். இவை இரண்டும் எல்லா வண்டிக்கும் செய்கிற வேலை.

அடுத்தது லோகேஸ்வரன் அண்ணன் கேட்டுச் செய்தது. ஃபோர்க் குழாய் இரண்டையும் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி, குழாய்களை ஆறு மில்லிமீட்டர் மேலே தள்ளினேன். அப்படித் தள்ளினால் வண்டியின் முன்பக்கம் ஆறு மில்லி தாழும். வளைவில் நினைத்தவுடன் திரும்பும். என்னுடையதும் அதே மாடல்தான். ரேஸ் டிராக்கில் நான் ஓட்டியதைப் பார்த்துவிட்டு, "உன்னோடது மாதிரி எனக்கும் திரும்பணும் ரூபினி" என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சட்டென்று திரும்புகிற வண்டிக்கு நேர் ரோட்டில் கொஞ்சம் துடுக்கு உண்டு. அதை அடக்கத்தான் ஸ்டீயரிங் டேம்பர். கிளினிக் கதவு படாரென்று அடிக்காமல் இருக்க மேலே ஒரு கை பொருத்தியிருப்பார்களே, அதே மாதிரிதான். ஒரு சாண் நீளக் குழாய், உள்ளே எண்ணெய், அதிலிருந்து வெளியே வந்து போகிற ஒரு கம்பி. குழாயை வண்டியின் உடம்போடும், கம்பியை ஃபோர்க்கோடும் பூட்டியிருக்கும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். ரோடு அதை உதறினால் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு உண்டு, க்ளிக் க்ளிக் என்று திரும்பும். முழுக்க இறுக்கி, அங்கிருந்து எட்டு க்ளிக் தளர்த்தி வைத்தேன்.

முழுக்க இறுக்கியே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் தினமும் வேலைக்கு சிங்கப்பூர் போகிறவர். கடல்மேல் போகும் காஸ்வே சாலை நெரிசலில் நடக்கிற வேகத்தில் ஊரும்போது ஹேண்டில் மரக்கட்டை மாதிரி இருந்தால் நின்ற இடத்திலேயே சாய்வார். இன்னொன்று. வண்டி ஆடுகிறது என்றால் சிலர் டேம்பரை இறுக்கிவிட்டு ஆட்டம் நின்றுவிட்டது என்பார்கள். ஆட்டம் எங்கேயும் போகாது, நமக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். அந்த வேலையை நான் செய்வதில்லை.

பன்னிரண்டு கிலோமீட்டர் நானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். மே 24 அன்று செயின் இறுக்க வந்தார். ஆட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்படியானால் ஏன் அடித்தது? கழுத்து பேரிங் மறுபடி தளர்ந்திருக்கலாம். நான் செய்த ஆறு மில்லியாக இருக்கலாம். டேம்பர் செத்திருக்கலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கச் சொல்லுங்கள். 'டொக்' என்று சத்தம் வந்தால் பேரிங். டேம்பரை மட்டும் கழற்றி எனக்கு அனுப்புங்கள். துடைக்காதீர்கள் அக்கா, தயவுசெய்து. ஈரத்துணிகூட வேண்டாம்.

இந்த வாரம் ஏழு வண்டிகள் என்னிடமிருந்து போய்விட்டன. ஒருத்தர் பாதி பிரித்த ஃபோர்க்கைச் சாக்குப் பையில் அள்ளிக்கொண்டு போனார். கிளப்பும் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். தப்பு என்னுடையது என்றால் நானே இறக்குகிறேன். என்ன தப்பு என்று தெரியாமல் இறக்க மாட்டேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரூபினி


செனாய்
17 ஜூன் 2025

ரூபினி,

ஐஸ்கிரீம் டப்பாவில் உன் டேம்பர் இருக்கிறது. மனோகரன் அண்ணன் ஐஸ்கிரீம்தான் என்று ஆசையாக வாங்கிக்கொண்டார்.

அதைக் கழற்றியது நான். சிரிக்காதே. அவர் ஜன்னலோரம் கட்டிலில் படுத்துக்கொண்டு கட்டளை போடுகிறார், நான் கார் போர்ச்சில் போல்ட் கழற்றும் அஞ்சாம் நம்பர் சாவியோடு உட்கார்ந்திருக்கிறேன். "இடது பக்கம் திருப்புலா." "எந்த இடது? உங்க இடதா, என் இடதா?" பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மா அக்கா வேலைவெட்டியை விட்டுவிட்டு கேட்டில் வந்து நின்றுவிட்டார். இரண்டு போல்ட்டுக்கு முக்கால் மணி நேரம். ஒரு நகம் போச்சு. நீ இதைத் தினமும் செய்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை.

நீ சொன்ன மாதிரியே என் தம்பியை வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் பார்த்தோம். டொக் இல்லை. உன் பேரிங் தப்பித்தது.

துடைக்கவில்லை. கம்பியில் கட்டியிருந்த கோயில் கயிற்றை மட்டும் அவிழ்த்து சாமி மேடையில் வைத்துவிட்டேன். கண்ட இடத்துக்கும் அதை அனுப்பக் கூடாது பார். இப்போது டப்பாவில் இருப்பது வெறும் இரும்பு.

உன் நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். எங்கள் ஃபேக்டரியில் இன்ஜினியர்கள் எழுதுகிற ரிப்போர்ட்டைவிட நன்றாக இருக்கிறது, அதற்காக உன்னை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. அவருக்கும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொல்கிறார், "முன்னாடி வளைவுல நான் வண்டியத் திருப்புவேன் ஷாமு. ரூபினி செஞ்சு குடுத்த பிறகு நான் எங்க பார்க்கிறேனோ அங்க அதுவே போச்சு." எலும்பு உடைந்து கிடக்கிற மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கோபம் வந்ததா, பொறாமை வந்ததா தெரியவில்லை. பதினேழு வருஷம் சமைத்துப் போடுகிறேன், என் சாம்பாரைப் பற்றி இப்படி ஒரு நாள் சொன்னதில்லை.

பார்த்துவிட்டு உண்மையை எழுது.

ஷாமளா


தம்போய்
20 ஜூன் 2025

ஷாமளா அக்கா,

டேம்பரைப் பிரித்துப் பார்த்தேன். செத்துப்போயிருக்கிறது. கம்பியைக் கையால் தள்ளினால் பாதித் தூரம் எதிர்ப்பே இல்லை. எண்ணெய் முக்கால்வாசி வெளியே போய்விட்டது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு கிழிந்திருக்கிறது, கம்பியில் கீறல்கள். அழுக்கு போயிருக்கிறது.

அழுக்கு போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மே 24 அன்று வண்டி என்னிடம் வந்தபோதே கவனித்திருக்க வேண்டும். கவனக்குறைவு என்னுடையது. குரூப்பில் அப்படியே எழுதிவிடுங்கள். கூட்டத்தில் என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணனுக்குப் புது டேம்பர் நான் வாங்கித் தருகிறேன். வேறு இடத்தில் பொருத்திக்கொள்ளட்டும்.

ரூபினி


செனாய்
23 ஜூன் 2025

ரூபினி,

ஏமாற்றுவதற்கு வேறு ஆளைப் பார்.

போன கடிதத்தில் ஆறு மில்லிக்கு நாலு பக்கம் எழுதினாய். இப்போது தப்பு என்னுடையது என்று சொல்ல பத்து வரி. தப்பு என்னவென்று தெரியாமல் ஷட்டரை இறக்க மாட்டேன் என்று வீறாப்பாக எழுதியவள் நீ. தெரிந்த பிறகு ஏன் இந்த அவசரம்? 'அழுக்கு போயிருக்கிறது.' என்ன அழுக்கு? எங்கள் இடத்தில் ரிப்போர்ட்டில் 'அழுக்கு' என்று எழுதினால் கிழித்து மூஞ்சியில் எறிவார்கள். என்ன நிறம், எவ்வளவு பெரிசு, எங்கிருந்து வந்தது, இந்த மூன்றும் வேண்டும்.

உன் கவனக்குறைவுதான் காரணம் என்று குரூப்பில் எழுத எனக்கு விரல் வலிக்காது. பத்து நாளுக்கு முன்னால் என்றால் சந்தோஷமாக எழுதியிருப்பேன். இப்போது உன் எழுத்து எனக்குத் தெரியும். இது உன் எழுத்தில்லை. எதையோ மறைக்கிறாய்.

அந்தச் சீலை எனக்கு அனுப்பு. என் மேஜையில் நாற்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற மைக்ரோஸ்கோப் இருக்கிறது. நானே பார்த்துக்கொள்கிறேன்.

ஷாமளா


தம்போய்
24 ஜூன் 2025

அக்கா,

விட்டுவிடுங்களேன். அண்ணன் உயிரோடு இருக்கிறார். எனக்குக் கையில் தொழில் இருக்கிறது, உலு திராமில் ஒரு டயர் கடையில் ஆள் கேட்கிறார்கள். போய்ச் சேர்ந்துகொள்வேன்.

ஆனால் பொருள் உங்களுடையது. கேட்ட பிறகு தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மே 24 அன்று அண்ணன் செயின் இறுக்க வந்தபோது டேம்பர் கம்பியைப் பார்த்தேன். அது எப்படி இருக்கக் கூடாதோ அப்படி இருந்தது. கழற்ற வேண்டும் என்று கை நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா, மகனுடைய வண்டியில் தொங்கியதை நான் கழற்றி வைத்தேன் என்பதற்காகக் கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். அதற்கப்புறம் அந்த மாதிரி விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஆகையால் கவனக்குறைவு என்று எழுதியது பொய்யில்லை. கவனித்தேன், பேசாமல் இருந்தேன், அது இன்னும் மோசம்.

இதற்கு மேல் நீங்கள் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ரூபினி


செனாய்
26 ஜூன் 2025

ரூபினி,

பார்த்தேன்.

சாம்பல் நிறத்தில் மணிமணியாக, சீலின் கிழிந்த உதட்டுக்குள் அடைந்திருந்தது. நடுவில் சிவப்பாகக் கொஞ்சம். ஒரு மஞ்சள் இழை. மற்றதெல்லாம் வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று இரண்டு நிமிஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்த மஞ்சளை ஏமாற்ற முடியவில்லை. கயிற்றை மஞ்சளில் நனைத்துக் காய வைத்தது நான். ஏப்ரலில் வண்டி உன்னிடமிருந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் பூஜை போட்டு, அந்தக் கம்பியில் கட்டினேன். வேறு எங்கே கட்டுவது? வண்டியில் அதுதான் பளிச்சென்று வெள்ளியாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வெள்ளியும் அதே கம்பியில் விபூதி குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைப்பேன். மழையில் கரைந்தால் இன்னும் தாராளமாகப் பூசுவேன். எட்டு வாரம். அவர் காஸ்வே நெரிசலில் ஹேண்டிலைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பி என் விபூதியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சீலை அறுத்திருக்கிறது.

அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று செய்தேன் ரூபினி. அதுவே அவரைத் தூக்கிப் போட்டிருக்கிறது. என் கையாலேயே.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து "ஷாமளா, ரிஜெக்டா, பாஸா?" என்று கேட்டாள். ரிஜெக்ட் என்றேன்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். "அப்ப அந்த சாமிதான் என்னைப் புல்லு மேல பார்த்துப் போட்டுச்சுன்னு வச்சுக்கயேன்" என்றார். இந்த மனுஷனுக்கு எதிலும் விளையாட்டு. திட்டினேன். திட்டிக்கொண்டே சமையலறைக்குப் போய் அழுதேன். உடைந்த தோளோடு பின்னாலேயே எழுந்து வந்து நின்றார்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ யாரடி என்னைக் காப்பாற்ற? இருபதாம் தேதியே அந்தச் சாம்பல் உன் கையில் இருந்திருக்கிறது. அது என்ன என்று கோயிலுக்குப் போகிற எந்தப் பொண்ணுக்கும் தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டிருந்தால் உன் கடை பிழைத்திருக்கும், உன்னைக் கண்டபடி எழுதிய நான் தலையைத் தொங்கப் போட்டிருப்பேன். நீ என்னவென்றால் டயர் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாய். இப்படி ஒரு பைத்தியத்தை நான் பார்த்ததில்லை. பதினான்கு வருஷமாகத் தப்பை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று அலைகிற ஆட்களோடு வேலை செய்கிறேன். தப்பைக் கேட்டு வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்ட ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு உன்மேல் வந்திருக்கும் மரியாதையை எழுதத் தெரியவில்லை. கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

ஞாயிறு கூட்டத்துக்கு நான் வருகிறேன். அந்த ரப்பர் சீலையும் கொண்டுவருவேன். நீயும் வா.

ஷாமளா


தம்போய்
30 ஜூன் 2025

ஷாமளா அக்கா,

நேற்று நான் வரவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். மனோகரன் அண்ணன் இன்று காலை வந்து எல்லாவற்றையும் சொன்னார். இருபது ஆம்பிளைகள் நடுவில் எழுந்து நின்று, "நான் எழுதினது தப்பு. டேம்பரக் கெடுத்தது என் விபூதி. ரூபினி இல்ல" என்றீர்களாம். யாரோ பின்னாலிருந்து, அப்படியானால் சாமி கும்பிட்டது தப்பா என்று கேட்டதற்கு, "சாமிக்கு பைக் மெக்கானிக் வேல தெரியும்னு நெனச்சது தப்பு" என்றீர்களாம். அப்புறம் சீலைக் கையிலெடுத்து வரிசையாக எல்லாரிடமும் காட்டினீர்களாம். என் கடைக்காக ஒருத்தர் இப்படி நிற்பார் என்று நான் நினைத்ததே இல்லை. இருபத்திரண்டு வண்டியும் என்னிடமே இருக்கும் என்று முடிவாம். நான் சந்தோஷப்பட வேண்டும்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். என் வண்டியில் இருந்தேன். குழாய்களை அண்ணன் வண்டியில் வைத்த மாதிரியே ஆறு மில்லி மேலே தள்ளி, டேம்பரை முழுக்கக் கழற்றி வைத்துவிட்டு, அவர் விழுந்த அதே பாலத்துக்குப் போனேன். திட்டாதீர்கள். இது ஒன்று மட்டும் எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. டேம்பர் செத்தது உங்கள் விபூதியால். சரி. டேம்பர் செத்தால் ஆள் ஏன் விழ வேண்டும்?

எண்பதில் போனேன், ஒன்றுமில்லை. தொண்ணூறில் லேசாகத் தலையை ஆட்டியது. நூறில் இணைப்பைத் தாண்டும்போது ஹேண்டில் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. மூன்று முறை அடித்தது. எப்படி நின்றதோ தெரியாது, ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். கடைக்குத் திரும்பி வந்து, குழாய்களைக் கம்பெனி வைத்த அளவுக்கே இறக்கி, டேம்பர் இல்லாமலே மறுபடியும் அதே இடத்துக்குப் போனேன். அதே நூறு. ஒரு முறை உதறியது, தானாகவே அடங்கிவிட்டது.

அதாவது அக்கா, என் ஆறு மில்லி அந்த வண்டியை ஒரே ஒரு டேம்பரை நம்பி ஓடுகிற வண்டியாக ஆக்கிவிட்டது. டிராக்கில் அது சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் பார்ப்போம், தொடுவோம். தினமும் வேலைக்குப் போகிறவர் வண்டியை அப்படி வைக்கக் கூடாது. டேம்பர் செத்துப்போனாலும் வண்டி ஆளைத் தள்ளாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அப்படி வைத்துக் கொடுப்பதுதான் வேலை. இது எனக்குத் தெரியாமலில்லை. டிராக்குக்குப் போகும்போது மட்டும்தான் என் வண்டியில் ஆறு மில்லி. ரோட்டுக்கு வரும்போது இறக்கிவிடுவேன். அண்ணன் மூன்று வாரம் கேட்டார், "உன்ன மாதிரி செட் பண்ண ஜொகூர்லயே ஆள் இல்ல" என்றார். அந்தப் பேச்சில் மயங்கிவிட்டேன். ரோட்டுக்கு வேண்டாம் அண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை.

நேற்று நீங்கள் எல்லாத் தப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பாதி என்னுடையது. அதை வைத்துக்கொண்டு என்னால் அந்த இருபத்திரண்டு வண்டியையும் தொட முடியாது. மேலே எழுதியதை எல்லாம் இன்று மத்தியானமே கிளப் குரூப்பில் போட்டுவிட்டேன். மறுபடி யோசித்து முடிவு செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மனோகரன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அலமாக்! ஊர்ல எல்லாரும் தப்ப அடுத்தவன் தலையில கட்டுவானுங்க, நீங்க ரெண்டு பேரும் அதுக்கு அடிச்சுக்கிறீங்க" என்றார்.

உங்களிடம் நேரில் வந்து சொல்ல தைரியமில்லை. அதனால் தாள்.

ரூபினி


செனாய்
2 ஜூலை 2025

ரூபினி,

குரூப்பில் படித்தேன். அவருக்குப் படித்துக் காட்டினேன். "நான்தான் அவள நச்சரிச்சேன்" என்று இப்போது அவரும் பங்குக்கு வருகிறார். இந்த வீட்டில் தப்புக்குத்தான் எவ்வளவு கிராக்கி.

டேம்பர் இல்லாமல் நூறில் அந்தப் பாலத்துக்குப் போனாய் என்று படித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாயா? இனிமேல் இப்படிச் செய்தால் நானே வந்து உன் ஷட்டரை இறக்குவேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். உன் பெயர் சுத்தமாகிவிட்டது. கிளப்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. யாரும் உன்னைக் கேட்கவில்லை. அப்படி இருந்தும் நீ போய், உன் உயிரைப் பணயம் வைத்து, உன் தப்பை நீயே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாய். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் கிடையாது. இருந்தால் அதை உனக்குத்தான் வைக்க வேண்டும்.

ஆறு பேர் போகிறார்களாம். மனோகரன் அண்ணன் சொன்னார். போகட்டும். பதினாறு பேர் இருக்கிறார்கள், அவர்கள் நீ எழுதியதைப் படித்த பிறகும் இருக்கிறவர்கள். உனக்கு அந்தப் பதினாறு போதும்.

வண்டியை சனிக்கிழமை லாரியில் ஏற்றி நானே கொண்டுவருகிறேன். குழாயை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வை. அவர் கெஞ்சினால் காதில் வாங்காதே. நான் விபூதியோடு வந்தால் எங்கே பூசலாம், எங்கே கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் முறைத்தாலும் சொல். நீ சொல்லாமல் விட்டதற்கும் நான் கேட்காமல் பூசியதற்கும் அந்த மனுஷன் எலும்பு உடைந்தது போதும்.

இன்னொன்று. இதை அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் பைக்கில் நான் ஒரு நாளும் பின்னால் ஏறியதில்லை. பயம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். வண்டி தயாரானதும் நீ டெஸ்ட் பார்ப்பாய் இல்லையா, அன்று பின்னால் நான் உட்காருகிறேன். அந்தப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோ. நீ வேலை செய்த வண்டி, நீ ஓட்டுகிறாய், எனக்கு அது போதும்.

ஹெல்மெட் எடுத்து வை. எனக்கு எம் சைஸ்.

ஷாமளா அக்கா